தூசின் நிறையும் தூசிலுள்ள நஞ்சும்

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்கள் பல, பழக்கமில்லாத தொழில்களைச் செய்தே அடுப்பு எரிக்க வேண்டியுள்ளது. நெல்லும் வெங்காயமும் விளைவித்த கைகள் கல் உடைக்கின்றன; சீமெந்து மூடை சுமக்கின்றன; அரிசி ஆலையில் தவிடு அள்ளுகின்றன; பழைய இரும்பையும் பற்றறியையும் பிரிக்கின்றன. வேலைகள் வேறானாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அதுதான் தூசு.

அண்மையில் நடந்த சந்திப்பு ஒன்றில் தாய் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர், பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் எடுக்கும் இடமொன்றில் நாட்கூலி. "அங்கை பெரிசாத் தூசு ஒன்றும் இல்லை, அரிசி மில்லோடை பாத்தால் எவ்வளவோ குறைவு எண்டு முதலாளி சொல்லுறார். ஆனால் இவருக்குக் கொஞ்ச நாளா வயித்துக்குத்து. சாப்பாட்டிலையும் மனமில்லை. சின்னவன் தகப்பன் வந்த உடனை மடியிலை ஏறி இருக்கிறவன். முதலாளி சொல்லுறது சரியோ ஐயா?" என்பதே அந்தக் கேள்வி.

நாங்கள் அவருக்கு உடனே மறுமொழி சொல்லவில்லை. தூசு கூடவா குறைவா என்பதை ஓரளவுக்குக் கண்ணால் பார்க்கலாம். அதில் நஞ்சு எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, அளந்துதான் அறியவேண்டும். அப்படி அளப்பது எப்படி, அளந்து வந்த எண்ணை விளங்கிக்கொள்வது எப்படி என்பதே இந்தப் பாடம். கருவிகள் நம்மிடம் இல்லை. ஆனாலும் அளக்க வருபவர் சரியாக அளக்கிறாரா என்று பார்க்கவும், அளக்கும்படி கேட்கவும் நமக்கு இந்த அறிவு தேவை.

1. தூசு ஒரு வண்டி

தூசை ஒரு வண்டியாக நினைத்துக்கொள்வோம். வண்டியின் பருமன் ஒரு விடயம். வண்டியில் ஏற்றியுள்ள சரக்கு வேறொரு விடயம். அரிசி ஆலைத் தூசு உமித்துகளையும் பூஞ்சணத்தையும் ஏற்றி வருகிறது. மருந்திட்ட விதைநெல்லைக் கொட்டும்போது எழும் தூசு கிருமிநாசினியை ஏற்றி வருகிறது. கல்லுடைக்கும் இடத்துத் தூசிலே சிலிக்கா இருக்கிறது. பற்றறி உடைக்கும் இடத்துத் தூசிலே ஈயமும் ஈய ஒக்சைட்டும் இருக்கின்றன.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. காற்றில் தூசு எவ்வளவு? அந்தத் தூசில் என்ன, எவ்வளவு? முதற் கேள்வியோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம்.

தொழிலும் நோயும் தொடர்புள்ளவை என்பது புதிய செய்தியல்ல. இத்தாலிய வைத்தியர் பெர்னாடினோ ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டு தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தானியம் புடைப்போர், அளப்போர் ஆகியோருக்குத் தூசினால் வரும் துன்பத்தையும் அதில் எழுதினார். நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் வைத்தியர் கேட்கவேண்டும் என்றார். நாமும் வைத்தியசாலைக்குப் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், நமது தொழிலைச் சொல்லிவிட வேண்டும்.

2. தூற்றிப் பழகியவர்களுக்குத் தெரிந்த பாடம்

சூடடித்த களத்தில் நெல் தூற்றியவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. சுளகிலிருந்து விழும்போது நிறையான நெல்மணி காலடியில் விழும். பதர் சற்றுத் தள்ளி விழும். சுணையும் தூசும் காற்றோடு போய்விடும். தூசுத் துகள்களும் அப்படியே நடக்கின்றன.

துகளை அளக்கும் அலகு மைக்கிரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்கிரோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர்.

• ஏறக்குறைய 100 மைக்கிரோமீற்றர் வரையான துகள்கள் மூக்கு, வாய் வழியாக உள்ளே போகக்கூடியவை. இவற்றில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கும்.
• ஏறக்குறைய 10 மைக்கிரோமீற்றரும் அதற்குக் குறைந்தவையும் தொண்டையைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் போகும்.
• ஏறக்குறைய 4 மைக்கிரோமீற்றரும் அதற்குக் குறைந்தவையும் நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை போகும்.

மிகச் சிறிய துகளைத் தனியாகக் கண்ணால் காண முடியாது. காற்று அசையாத இடத்திலும் அது மணிக்கணக்காக மிதக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசு அடங்கிய பின்னரும் காற்றில் ஆபத்து இருப்பது இதனாலேயே.

எந்தப் பருமனை அளக்கவேண்டும் என்பது சரக்கைப் பொறுத்தது. சிலிக்கா நுரையீரலின் அடியிற் போய்த் தங்கிக் கெடுப்பது. ஆகவே நுண்ணிய தூசை மட்டும் பிரித்து அளப்பார்கள். அதற்குச் சுழற்காற்றிலே பெரிய துகளை விழுத்திவிடும் சிறு கருவி ஒன்று உண்டு. நமது தூற்றலே அங்கும் நடக்கிறது. ஈயம் அப்படியல்ல. தொண்டையில் தங்கிய பெரிய துகளும் எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலிற் கரைந்து, இரத்தத்தில் சேரும். எனவே ஈயத்துக்குச் சிறிது பெரிது என்று பாராமல், உள்ளே போகக்கூடிய தூசு முழுவதையும் அளக்கவேண்டும்.

3. எங்கே அளப்பது?

அளவுக் கருவியைச் சுவரிலே தொங்கவிட்டால், சுவர் சுவாசிக்கும் காற்றைத்தான் அது அளக்கும். தொழிலாளியோ குனிந்து, பற்றறியின் மேலே முகத்தை வைத்து வேலை செய்கிறார். அவர் முகத்தருகே உள்ள தூசு, சுவரருகே உள்ள தூசிலும் பல மடங்காக இருக்கலாம்.

இதைத் தீர்க்க வழி செய்தவர்கள், இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தைச் சேர்ந்த ஷெர்வூட், கிறீன்ஹால்ஷ் என்னும் இருவர். தொழிலாளி தன் உடம்பிலே கொண்டுதிரியக்கூடிய, பற்றறியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி பற்றி அவர்கள் 1960இல் எழுதினார்கள். இன்றும் அந்த முறையே அடிப்படையாக உள்ளது. பம்பி இடுப்புப்பட்டியில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வரும். குழாயின் முனையில் வடிதாள் வைத்த சிறு பெட்டி இருக்கும். அதைச் சட்டைக் கொலரிலே, மூக்குக்கும் வாய்க்கும் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் குத்திவிடுவார்கள்.

யாராவது அளக்க வந்து, கருவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனால், அது நம் உடம்புக்குள் போவதை அளந்ததாகாது. இதை நாம் மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

4. எப்படி அளப்பது?

படிப்படியாகப் பார்ப்போம்.

(அ) வடிதாளை ஆய்வுகூடத்தில் மிக நுண்ணிய தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

(ஆ) பம்பி நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றை இழுக்கிறது என்பதை வேலை தொடங்குமுன் சரிபார்ப்பார்கள். வேலை முடிந்த பின்னரும் சரிபார்க்கவேண்டும். இடையில் வேகம் குறைந்திருந்தால் கணக்குப் பிழைக்கும்.

(இ) தொழிலாளி வழமைபோல வேலை செய்வார். இயன்றவரை முழு வேலைநேரமும் பம்பி ஓடவேண்டும். எந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது என்று குறிப்பெடுக்க வேண்டும்.

(ஈ) காற்று இழுக்காத வெறும் வடிதாள் ஒன்றையும் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவருவார்கள். ஈரத்தாலோ கைபட்டோ அதன் நிறை மாறியிருந்தால் அந்த மாற்றம் கழிக்கப்படும். அதில் ஈயம் காணப்பட்டால், வடிதாள்களில் வெளியிலிருந்து அழுக்குப் பட்டுள்ளது என்று அறியலாம்.

(உ) வடிதாளை மீண்டும் நிறுப்பார்கள். கூடிய நிறைதான் தூசு. பின்பு அதை அமிலத்திற் கரைத்து, அதில் ஈயம் எவ்வளவு என்று கருவியால் கண்டுபிடிப்பார்கள்.

கிருமிநாசினிகளிலே சில, தூசில் ஒட்டியும் இருக்கும், ஆவியாகவும் பறக்கும். வடிதாள் தூசைப் பிடிக்கும்; ஆவியை விட்டுவிடும். அப்படியான மருந்துகளை அளக்கும்போது, ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் பொருள் நிரப்பிய குழாய் ஒன்றை வடிதாளுக்குப் பின்னால் பொருத்தவேண்டும்.

5. கணக்கைச் செய்து பார்ப்போம்

விளங்குவதற்காக நாமே எண்களை வைத்துக்கொள்வோம். பம்பி நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுக்கிறது. வேலை 8 மணித்தியாலம், அதாவது 480 நிமிடம்.

இழுத்த காற்று: 2 × 480 = 960 லீற்றர். 1,000 லீற்றர் ஒரு கன மீற்றர். ஆகவே 0.96 கன மீற்றர்.

வடிதாளில் சேர்ந்த தூசு 3.84 மில்லிகிராம். ஆகவே 3.84 ÷ 0.96 = கன மீற்றருக்கு 4 மில்லிகிராம் தூசு.

அந்தத் தூசிலே ஆய்வுகூடம் கண்ட ஈயம் 96 மைக்கிரோகிராம். (ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்கிரோகிராம்.) ஆகவே 96 ÷ 0.96 = கன மீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் ஈயம்.

இந்த இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தில், தனியான நஞ்சு ஏதுமில்லாத சாதாரணத் தூசுக்கு 8 மணிநேரச் சராசரி எல்லை கன மீற்றருக்கு 15 மில்லிகிராம். நமது 4 மில்லிகிராம் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. "தூசு குறைவு" என்ற முதலாளியின் சொல் இந்த அளவில் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதே நாட்டில் ஈயத்துக்கு 1978இல் வகுத்த எல்லை கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராம். நமது 100 அதில் இரு மடங்கு. நூறு பங்கு தூசிலே இரண்டரைப் பங்குதான் ஈயம். அந்த இரண்டரைப் பங்கே ஆளைக் கெடுக்கப் போதும்.

நடுத்தர வேலை செய்யும் ஒருவர் 8 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 10 கன மீற்றர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று கணக்கெடுப்பது வழக்கம். அப்படியானால் ஒரு நாளில் அவர் இழுக்கும் ஈயம் 1,000 மைக்கிரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராம். இதில் ஒரு பகுதி வெளியேறும்; ஒரு பகுதி இரத்தத்திற் சேர்ந்து, பின்பு எலும்பிலே பல வருடங்கள் தங்கும்.

6. நாள் முழுவதும் ஒரே அளவல்ல

பற்றறி உடைக்கும் நேரத்தில் தூசு கூட. லொறியில் ஏற்றும் நேரத்தில் குறைவு. எனவே நேரத்தையும் சேர்த்தே சராசரி பார்க்கவேண்டும். உடைக்கும் வேலை 3 மணித்தியாலம், அப்போது 200 மைக்கிரோகிராம். மற்ற வேலை 5 மணித்தியாலம், அப்போது 40 மைக்கிரோகிராம் என்போம். (3 × 200) + (5 × 40) = 800. அதை 8ஆல் பிரித்தால் 100.

குறைந்த தூசுள்ள நேரத்தில் மட்டும் அளந்தால் 40 என்று வரும். எல்லைக்குக் கீழே என்று தாளிலே எழுதிவிடலாம். ஆகவே எந்த வேலையின்போது அளந்தார்கள் என்பதைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

மேலதிக நேர வேலையையும் மறக்கக்கூடாது. அமெரிக்கச் சட்டத்தில், 8 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஈயத்தின் எல்லை குறையும். 400ஐ வேலை மணித்தியாலத்தால் பிரிக்கவேண்டும். 10 மணித்தியாலம் என்றால் எல்லை 40.

எல்லை என்பது பாதுகாப்பின் மதில் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அறிவு வளர வளர அது இறங்கிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஈயத்தின் எல்லையை 30 மைக்கிரோகிராமாகக் குறைத்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அது 10 மைக்கிரோகிராம்.

7. குறுக்குவழியும் அதன் பிழையும்

ஒவ்வொரு முறையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது செலவு. அதனால் சிலர், நிலத்திற் கிடக்கும் தூசை ஒருமுறை சோதித்து, அதில் ஈயம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அறிந்துகொள்வார்கள். பின்பு காற்றுத் தூசின் அளவை அந்தப் பங்காற் பெருக்கிவிடுவார்கள். வழி எளிது, ஆனால் கவனம் தேவை. தூற்றும்போது காலடிக் குவியலும் தூரப் பறந்ததும் ஒன்றல்ல அல்லவா? அதுபோலவே நிலத்துத் தூசில் உள்ள பங்கும், காற்றில் மிதக்கும் நுண்தூசில் உள்ள பங்கும் வேறுபடலாம். நுண்தூசில் நஞ்சு கூடுதலாகச் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே இந்த வழியை ஏற்குமுன், காற்றிலே பிடித்த தூசையும் இடையிடையே சோதித்து ஒப்பிட வேண்டும்.

8. நைஜீரியக் கிராமங்கள் தரும் பாடம்

நைஜீரியாவின் வடமேற்கில் சம்பாரா மாநிலம் உள்ளது. அங்குள்ள மக்கள் நம்மைப்போலப் பயிர்ச்செய்கையில் வாழ்பவர்கள். தங்கத்தின் விலை கூடியபோது, தங்கம் கலந்த கல்லைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து, மா அரைக்கும் இயந்திரங்களில் காய்ந்தபடியே அரைத்தார்கள். அந்தக் கல்லில் தங்கத்தோடு ஈயமும் மிகுதியாக இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. தூசு முற்றத்திலும் பாயிலும் பாத்திரத்திலும் படிந்தது.

2010 மார்ச் மாதத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அங்கே பிள்ளைகள் வலிப்பு வந்து இறப்பதை அறிந்தார்கள். தரேத்தா, யர்கால்மா என்னும் இரு கிராமங்களில் விசாரணை நடந்தது. 5 வயதுக்குட்பட்ட 463 பிள்ளைகளில் 118 பேர் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். இரத்தம் சோதிக்கப்பட்ட 204 பிள்ளைகளில் நூற்றுக்கு 97 பேருக்கு, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 45 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. அந்த மாநிலத்தில் மொத்தமாக 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள்.

பின்பு, மண்ணிலுள்ள ஈயத்தை அந்த இடத்திலேயே காட்டும் கைக்கருவியால் முற்றம் முற்றமாக அளந்தார்கள். நஞ்சு படிந்த மேல்மண்ணை அகற்றி, நல்ல மண் போட்டார்கள். பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். கல்லரைப்பைக் கிராமத்துக்கு வெளியே கொண்டுபோகவும், நீர் ஊற்றி அரைக்கவும் ஊக்குவித்தார்கள். அந்தப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சோறு போடவே அந்தத் தொழிலைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஒருவர் முன்பே அளந்து சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

9. காற்றை அளந்தால் மட்டும் போதாது

ஈயம் மூச்சால் மட்டும் போவதில்லை. கையிலிருந்து வெற்றிலைக்கும் பீடிக்கும் சோற்றுக்கும் போகிறது. சாரத்தில் ஏறி வீட்டுக்கும் வருகிறது. எனவே காற்றுச் சோதனையோடு இரத்தச் சோதனையும் வேண்டும். கடந்த சில வாரங்களில் உடம்புக்குள் போனதை இரத்தம் காட்டும். பிள்ளைகளுக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை. டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது.

10. நாம் செய்யக்கூடியவை

• உடைக்குமுன்னும் கூட்டுமுன்னும் நீர் தெளியுங்கள். காய்ந்த தூசை விளக்குமாற்றாற் கூட்டவேண்டாம்.
• கிடுகுக் கூரையின் ஓட்டையால் விழும் வெயிலில் தூசு மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். இருண்ட நேரத்தில் பலமான ரோச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். தூசு எங்கிருந்து எழுந்து எங்கே போகிறது என்று தெரியும். நஞ்சின் அளவை இது காட்டாது. எங்கே நிற்கக்கூடாது என்பதைக் காட்டும்.
• சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு, வெற்றிலை, பீடி வேண்டாம்.
• வேலைச் சாரம், சட்டை, செருப்பு வேலைத்தலத்திலேயே நிற்கட்டும். குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம்.
• துணி வாய்க்கட்டை நம்பவேண்டாம். நுண்தூசை அது தடுக்காது. நுண்தூசுக்கென்று செய்த, முகத்தோடு இறுகப் பொருந்தும் கவசத்தை முதலாளியிடம் கேளுங்கள்.
• பற்றறியை வீட்டு வளவில் உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.
• ஒரு கொப்பியில் நாள், மணித்தியாலம், செய்த வேலை, உடம்பில் கண்ட மாற்றம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அளக்க வருபவருக்கும் வைத்தியருக்கும் அது பேருதவி.

அளக்கும்படி கேட்பதற்கும் வழியுண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலே, தூசிலிருந்து தொழிலாளரைக் காக்கும் கடமை முதலாளிக்கு விதிக்கப்பட்டுள்ளது. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடலாம். தனி ஆளாகப் போனால் மறுநாள் வேலை இல்லாமற் போகும் என்ற பயம் நியாயமானது. நாட்கூலியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது சிறிய விடயமல்ல. ஆகவே ஒரு குழுவாக, சங்கத்தின் பெயரில், எழுத்தில் கேளுங்கள். "மூடிவிடுங்கள்" என்று கேட்கவேண்டியதில்லை. "அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். நியாயமான முதலாளிக்கும் அந்த எண் உதவும்.

அந்தத் தாய்க்கு நாங்கள் பின்பு சொன்னது இதுதான்: "அம்மா, தூசு குறைவு என்று அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அது உங்கள் கேள்விக்கு மறுமொழியல்ல. முதலில் கணவரையும் சின்னவனையும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பற்றறி உடைக்கிற வேலை என்று மறக்காமற் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். இன்றைக்கே அந்தச் சாரத்தை வீட்டுக்கு வெளியே வையுங்கள்."

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் உள்ளவர்கள் எந்தெந்தத் தூசு வேலைகளுக்குப் போகிறார்கள்? அந்தத் தூசு என்ன சரக்கை ஏற்றி வருகிறது?
2. பம்பி நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 400 நிமிடம் ஓடியது. வடிதாளில் 32 மைக்கிரோகிராம் ஈயம் இருந்தது. கன மீற்றருக்கு எவ்வளவு? (விடை: 40 மைக்கிரோகிராம்.) அதே அளவில் 12 மணித்தியாலம் வேலை செய்தால் அமெரிக்க எல்லைக்குள் அடங்குமா? (விடை: அடங்காது. 400 ÷ 12 = ஏறக்குறைய 33.)
3. வேலை உடுப்பை மாற்றவும் குளிக்கவும் வேலைத்தலத்தில் வசதி உண்டா? இல்லையென்றால் யாரிடம், எப்படிக் கேட்கலாம்?